பெர்சிஸ் அனுப்பாத மெயில்

திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு டைட்டஸை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனான். ஆம்பூரின் அந்த ஷூ ஃபேக்டரியில் பதினான்கு கம்ப்யூட்டர்களுக்கும் அவன் ஒருவன்தான் ஆள். 2004-ம் வருடத்தில் அவனை யார் கூப்பிட்டாலும் பத்துக்கு எட்டு முறை பிரிண்டர்தான்.

அன்றைக்குப் பிரிண்டர் இல்லை.

முதலாளி கவுஸ் பாஷா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எக்ஸ்போர்ட் மேனேஜர் கோதண்டராமன், கையைப் பின்னால் கட்டியபடி. எதிரே சாம்பிள் பிரிவு பெர்சிஸ். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்களோடு கடிதப் போக்குவரத்து முழுக்க அவள் பொறுப்பு. கண்கள் சிவந்திருந்தன. மேஜையில் டைப் அடித்த ஒரு தாள், அதன் மேல் மூடி திறந்த பேனா.

"இதப் படி டைட்டஸ்." கவுஸ் பாஷா வேறொரு தாளை நீட்டினார்.

ஒரு மெயிலின் நகல். சனிக்கிழமை மதியம் ஒன்று பன்னிரண்டு. பெர்சிஸின் மெயில் ஐ.டி.யிலிருந்து கிளம்பியிருந்தது. கூடவே ஜெர்மன் பையருக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துப் போட்ட குளிர்கால பூட்டின் டிராயிங் மொத்தமும். போய்ச் சேர்ந்த இடம், வேலாயுதம்.

வேலாயுதம் ஜூன் மாதம் வரை இதே ஃபேக்டரியில் பெர்சிஸுக்குப் பக்கத்து நாற்காலி. இப்போது ராணிப்பேட்டையில் போட்டிக் கம்பெனி.

"நேத்து அந்தக் கம்பெனிக்காரன் நம்ம பூட்டையே ஜெர்மன்காரர் கிட்ட நீட்டி, நம்மளவிடக் கம்மி ரேட் சொல்லியிருக்கான். அவரு கோவத்துல இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டு, மெயிலை வாங்கி அப்படியே எனக்கு அனுப்பிட்டாரு. மூணு மணிக்கு நேர்ல வர்றாரு. யார் பண்ணதுன்னு பேர் கேப்பாரு. சொல்லலன்னா ஆர்டர் காலி."

"பேருதான் மெயில்லயே இருக்கே சாப்" என்றார் கோதண்டராமன். டைப் அடித்த தாளை பெர்சிஸ் பக்கம் நகர்த்தினார். ராஜினாமாக் கடிதம். "கையெழுத்துப் போட்டுட்டு மரியாதையா போய்ட்டா போலீஸ் கீலீஸ்னு பேஜார் வேணாம். பழைய தோஸ்துக்கு ஏதோ ஒத்தாசை பண்ணியிருக்கு..."

பழைய தோஸ்து என்பதை அவர் இழுத்த இழுப்பு அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க சார்!" என்றாள் பெர்சிஸ். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கே பர்மிஷன் போட்டுட்டுக் கெளம்பிட்டேன். அரக்கோணத்துல தங்கச்சி நிச்சயம். ஒரு மணிக்கு நான் ட்ரெயின்ல இருந்தேன்."

"அரக்கோணத்துல பிரவுசிங் சென்டருக்கா பஞ்சம்?"

டைட்டஸ் தாளின் மேல்பாதியில் விரல் வைத்தான். யாரும் படிக்காத, பொடி எழுத்தில் எண்களாக நிறைந்த பகுதி. கடிதம் எந்த ஊர்த் தபால்பெட்டியில் விழுந்தது என்று முத்திரை சொல்கிற மாதிரி, மெயில் எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண் அவனுக்கு மனப்பாடம்.

"சாப், இது அரக்கோணத்துலேர்ந்து போகல. நம்ம ஃபேக்டரி லைன்லேர்ந்து போயிருக்கு."

"அப்ப பாஸ்வேர்டைக் குடுத்து வேற யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கும்." கோதண்டராமன் மூச்சுவிடக்கூட நிற்கவில்லை. பதில் அவ்வளவு தயாராக இருந்தது.

கவுஸ் பாஷா நெற்றியைத் தேய்த்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. ஆபீஸ்ல அத்தன பேர் மெயிலையும் தெறந்து பாரு. எவன் மெயில்ல வேலாயுதம் பேரு வருதோ அவனைப் புடி."

"அது முடியாது சாப்."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன். அடுத்தவங்க கடுதாசி சாப் அது. அப்படியே தெறந்தாலும் எல்லாத்தையும் தெறக்கணும். உங்களுதும் சேத்து."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் எடுத்துத் துடைத்தார்.

"சரி. வேற வழி இருந்தா சொல்லு."

"மாடிப்படிக்குக் கீழ ஒரு பெட்டி இருக்குல்ல சாப், லினக்ஸ் போட்டது? நம்ம பதினாலு கம்ப்யூட்டரும் அது வழியாத்தான் இன்டர்நெட்டுக்குப் போவுது. வாட்ச்மேன் நோட்டு மாதிரி அது எழுதி வெக்கும். எந்த கம்ப்யூட்டர், எத்தன மணிக்கு, எந்த இடத்துக்குப் போச்சுன்னு. பைக்குள்ள இன்னா இருந்துச்சுன்னு எழுதாது. நமக்கு அது வேணாம். சனிக்கிழமை ஒண்ணு பன்னெண்டுக்கு எந்த மெஷின் அந்த மெயில் கதவைத் தட்டுச்சுன்னு தெரிஞ்சா போதும்."

"அந்த ஓசிப் பெட்டியா?" கோதண்டராமன் சிரித்தார். "காசு குடுத்து வாங்காத சாஃப்ட்வேர் சொல்ற பேச்சை ஜெர்மன்காரன் கிட்டக் காட்டுவியா?"

"ரெண்டு மணி வரைக்கும் டைம்" என்றார் கவுஸ் பாஷா. "அதுக்குள்ள வரலன்னா, பெர்சிஸ், எனக்கு வேற வழி இல்லம்மா."

வராந்தாவில் பெர்சிஸ் டைட்டஸை நிறுத்தினாள்.

"தம்பி, திருட்டுப் பட்டத்தோட வெளிய போனா இந்த ஊர்ல எந்த ஷூ கம்பெனி கேட்லயும் என்னை ஏத்தமாட்டாங்க. அதுகூடப் போவட்டும். தோஸ்துன்னாரே, அந்தப் பேச்சு இந்நேரம் தையல் லைனுக்குப் போயிருக்கும். என் வீட்டுக்காரரு வேலூர்ல ஆஸ்பத்திரி லேப்ல இருக்காரு. சாயந்தர ட்ரெயின்லயே அவரு காதுக்குப் போய்டும்."

"அக்கா, அழறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்க பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சத்தியமா."

அவளுடைய இடத்துக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் திரையின் விளிம்பில், செலோடேப் போட்டு, சர்ச்சில் புது வருஷ ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை ஒட்டியிருந்தது. தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள். யாருக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுக்க அவருக்கான பைபிள் வசனம். டைட்டஸும் எடுத்திருந்தான். அட்டையின் கீழ் ஓரத்தில் வசனத்தின் எண் சிவப்பு மையில் பளிச்சென்று இருந்தது.

ஒரு பயங்கரமான சந்தேகம் அவனுக்கு வந்தது.

"அக்கா... இந்த நம்பர்தான் பாஸ்வேர்டா?"

பெர்சிஸ் அதிர்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக்கூடத் தெரியும்க்கா" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து பிரிஸ்கில்லா, தட்டச்சை நிறுத்தாமலே. "ஜனவரி ரெண்டாந்தேதி டீ டைம்ல உனக்கு இன்னா வசனம், எனக்கு இன்னா வசனம்னு எல்லாரும்தானே சொல்லிக்கிட்டோம்? நீங்க பாஸ்வேர்டும் மாத்திட்டேன்னீங்க. என்னுதும் என் வசன நம்பர்தான். அக்கவுன்ட்ஸ்ல தேவசகாயம் அண்ணனுதும் அதான். வருசா வருசம் மாறுதுல்ல, ரொம்ப சேஃப்டின்னு அண்ணன்தான் ஐடியா குடுத்தாரு."

டைட்டஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்கும் எழுதி ஒட்டாதீர்கள் என்று போன வருஷம் அவனே சர்க்குலர் அடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தான். ஒரு வாரம் கழித்து அந்தச் சர்க்குலரில்தான் கேன்டீனிலிருந்து வடை வந்தது.

"ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் மெயில் பாக்கணும்ல?" பிரிஸ்கில்லா தொடர்ந்தாள். "கோதண்டராமன் சார்கூட, எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி, மெயிலைப் பூட்டி வெச்சு இன்னா ஆவப்போவுதுன்னு சொல்வாரு. அது சரி, நெட்டு ஏன் வரல டைட்டஸ்?"

டைட்டஸ் நிமிர்ந்தான். "நெட்டு வரலயா?"

"பதினொண்ணுக்குப் போச்சு."

அவன் ஓடினான்.

மாடிப்படிக்குக் கீழே பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாகத் தூசியின் தடம். சுவரில் ஒயர்கள் தொங்கின. பினாயில் நாற்றம். துடைப்பத்தோடு நின்ற அம்பிகா நல்ல வேலை செய்த பெருமையோடு சொன்னாள்:

"வெளிநாட்டு சார் வர்றாருல்ல? வராந்தாவுல இருக்கற அடசலயெல்லாம் எடுத்துடச் சொன்னாரு மேனேஜர் சார். ஒடஞ்ச நாற்காலி, அந்தப் பழைய பெட்டி, எல்லாம் காயலான் வண்டில போய்டுச்சு."

"அது ஓடிக்கிட்டு இருந்த பெட்டிம்மா! லைட்டு எரிஞ்சுதுல்ல?"

"எரிஞ்சுது. அணைச்சுட்டுத்தான் எடுத்தோம்."

இரண்டு வருஷம் முன்பு புது சர்வரும் லைசென்ஸும் கேட்டபோது கோதண்டராமன் ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து டைட்டஸ்தான் லினக்ஸ் ஏற்றினான். இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அது படுத்ததில்லை. வைரஸ் வந்து ஊரே படுத்த வாரத்திலும் ஓடியது. ஓடுகிற பெட்டிக்கு மரியாதை வேண்டுமானால் விலைச்சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி, தன் கடமையே டைட்டஸை நிறுத்துவதுதான் என்பது போல ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. அது போனதும் கேட் திறக்கவில்லை. எதிர்த்திசையில் ஒரு எக்ஸ்பிரஸ் வரவேண்டுமாம். பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு மணி பார்த்தான். பன்னிரண்டு பத்து.

பைபாஸ் ஓரத்துக் காயலான் கடையில் சின்னசாமி சாக்குமேல் உட்கார்ந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, அந்தப் பெட்டியை ஏற்கெனவே திறந்திருந்தார். மதர்போர்டு ஒரு குவியலில், ஒயர்கள் ஒரு குவியலில். தகரக் கூடு தனியாகப் பல்லிளித்தது.

"அண்ணே! கை வெக்காதீங்க!"

"இன்னா சார், நீங்களே தூக்கிப் போட்டுட்டு நீங்களே தேடிக்கினு வர்றீங்க?"

"உள்ள இவ்ளோ சைஸ்ல, கனமா, கட்டி மாதிரி ஒண்ணு இருந்துச்சே..."

"ஹார்ட் டிஸ்க்கா? அத ஏன் சுத்தி வளைக்கறீங்க?" சின்னசாமி சுத்தியலைக் காட்டினார். "அலுமினியம் வரும்னு அப்பதான் எடுத்து வெச்சேன். ஒரு டீ குடிச்சுட்டு ஒடைக்கலாம்னு."

அந்த டீக்கடைக்காரருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது டைட்டஸுக்கு. ஹார்ட் டிஸ்கைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"உள்ள இன்னா சார், சினிமாவா?"

"ஒருத்தங்க மானம்."

"அப்ப வேகமாப் போங்க" என்றார் சின்னசாமி. சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் தையல் லைன் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். மொபெட்டை நிறுத்துகிற நேரத்துக்குள் அவன் காதில் விழுந்தது: "அந்த வேலாயுதமும் பெர்சிஸ் அக்காவும் எப்பவுமே..." "சர்ச்சுக்குப் போற பொம்பளடி!" "போனா இன்னா?"

அவன் நேராக ஸ்டோருக்குப் போனான். அங்கே கிடந்த இன்னொரு பழைய கம்ப்யூட்டரை மாடிப்படிக்குக் கீழே தூக்கி வந்தான். டிஸ்கைச் செருகி, தொங்கிய ஒயர்களை மாட்டி, ஸ்விட்சைப் போட்டான். வேறு உடம்பில் எழுப்பினால் மற்ற சாஃப்ட்வேர் எல்லாம் நீ யார், உன் சீரியல் நம்பர் என்ன என்று மல்லுக்கு நிற்கும். லினக்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் வரிசையாக எழுத்துகள் ஓடின. எழுந்து உட்கார்ந்தது. மாடியிலிருந்து பிரிஸ்கில்லாவின் குரல்: "ஏய், நெட்டு வந்துடுச்சு!"

சனிக்கிழமை. மதியம் ஒன்று. அந்த மெயில் தளத்தின் பெயரைக் கொடுத்துத் தேடச் சொன்னான்.

பதினோரு வரிகள் வந்தன. ஒன்று ஐந்தில் தொடங்கி ஒன்று பதினான்கு வரை. பதினொன்றும் ஒரே கம்ப்யூட்டர்.

நம்பர் மூன்று.

டைட்டஸ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பிரிண்ட் கொடுத்தான். பேப்பர் சிக்கியது. கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கிவிட்டுத் தாளை இழுத்து மறுபடியும் கொடுத்தான்.

இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. முதலாளி அறையில் அதே மூவர். ராஜினாமாக் கடிதமும் அதே இடத்தில்.

"மூணாம் நம்பர் மெஷின் சாப்" என்று தாளை வைத்தான்.

"மூணாம் நம்பர் யாரு?"

"மேனேஜர் சார் ரூம்."

கோதண்டராமனின் முகம் ஒரு கணம் காலியாக இருந்தது. அடுத்த கணம் சத்தம் வந்தது. "இன்னாய்யா இது? காயலான் கடைக்குப் போய்ட்டு வந்த பெட்டி எத வேணா சொல்லும்! எனக்கு ஒழுங்கா டைப் அடிக்கவே தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். என் ரூம்ல எவனோ பூந்து பண்ணியிருக்கான்!"

"காயலான் கடைக்குப் போச்சுன்னு உங்களுக்கு யார் சார் சொன்னாங்க?"

"நான்தானே அடசலை எடுக்கச் சொன்னேன்! அடசல்ல அதுவும் ஒண்ணுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

பெர்சிஸ் மெதுவாகக் கேட்டாள்: "சாப், அந்த டிராயிங் சனிக்கிழமை யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்? சென்னைல, டெஸ்டிங் பாக்கற வஹீதா மேடத்துக்குத்தான். வேற யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. வஹீதா, வேலாயுதம். இங்கிலீஷ்ல ரெண்டும் 'வி'. என் அட்ரஸ் புக்குல அடுத்தடுத்த வரி. பேருக்குப் பக்கத்துல கட்டம் இருக்கும், டிக் அடிக்கணும். ஒரு வரி கீழ அடிச்சா..."

முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. கவுஸ் பாஷா டெலிபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"வஹீதாம்மா, நான் பாஷா பேசறேன். சனிக்கிழமை நம்ம கிட்ட டிராயிங் கேட்டீங்களா?"

"கேட்டேன் பாய்! பெர்சிஸ் இல்ல, அவங்க மெயிலைத் தெறந்து நானே அனுப்பறேன்னு கோதண்டராமன் சார் சொன்னாரு. இன்னும் வரல பாய். காலைல அவருக்கு போன் பண்ணி அதைக் கேட்டேன், பாக்கறேன்னுட்டு வெச்சுட்டாரு."

"காலைல எத்தன மணிக்கு?"

"ஒம்போது, ஒம்போதரை இருக்கும்."

கவுஸ் பாஷா டெலிபோனை வைத்தார்.

"ஒம்போதரைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றார் கோதண்டராமனைப் பார்த்து. "தெரிஞ்சும் பத்து மணிக்கு இந்த லெட்டரை டைப் அடிச்சீங்க."

"சாப்... கை தவறிப் போச்சு சாப். இருபத்திரண்டு வருசம் சர்வீஸ். ஜெர்மன்காரன் முன்னாடி என் பேரை எப்படி..."

"என் பேரு மட்டும் தெருவுல கெடந்ததா சார்?" என்றாள் பெர்சிஸ்.

முதலாளி ராஜினாமாக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். "முடிஞ்சுது. ஜெர்மன்காரர் கிட்ட நடந்ததை நான் பேசிக்கறேன். பெர்சிஸ், நீ சீட்டுக்குப் போம்மா. டைட்டஸ், இனிமே எல்லாரும் பாஸ்வேர்டை ஒரு பேப்பர்ல எழுதி என் டிராயர்ல வெச்சிடணும். அப்பதான் சேஃப்டி."

டைட்டஸ் வாயைத் திறந்தான். மூடினான். இதை நாளைக்குப் பேசலாம்.

பெர்சிஸ் நகரவில்லை.

"சாப், லைன்ல நானூறு பேருக்கும் தெரியும். அவங்க காதுக்கு எப்படிப் போச்சோ அப்படியே திரும்பிப் போவணும். மைக்ல சொல்லச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா? நம்ம கம்பெனிக்குத்தானே அசிங்கம்? ஜெர்மன்காரரு வந்துட்டுப் போவட்டும், நாளைக்கு..."

"அஞ்சு மணிக்கு ஷிப்ட் விடும். அஞ்சே காலுக்கு இந்தப் பேச்சு ஸ்டேஷன்ல போய் நிக்கும். நாளைக்குச் சொல்றது எனக்கு இன்னாத்துக்கு ஒதவும்? இப்ப சொல்லலன்னா, கிழிச்ச லெட்டரை நானே திரும்ப எழுதித் தர்றேன். எழுதிட்டு, ஜெர்மன்காரர் கிட்ட நானே நேர்ல காரணம் சொல்லிட்டுப் போறேன். எனக்கு இங்கிலீஷ் வரும் சாப்."

கவுஸ் பாஷா கோதண்டராமன் பக்கம் திரும்பிக் கதவைக் காட்டினார். "மைக்ல நீங்களே சொல்லுங்க."

சூப்பர்வைசர் கூண்டில் அந்த மைக் இருந்தது. பஸ் வந்துவிட்டது, தொலைந்த சாவி கிடைத்தது போன்றவற்றைச் சொல்கிற மைக். மெஷின்களை நிறுத்தினார்கள். நானூறு தலைகள் நிமிர்ந்தன. கோதண்டராமன் தொண்டையைச் செருமினார்.

"அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை ஒரு மெயில் தவறுதலா வேற இடத்துக்குப் போய்ட்டது. அதுல பெர்சிஸுக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல. நன்றி."

அவர் மைக்கை வைக்கப் போனார். பெர்சிஸ் வழியில் நின்றாள்.

"யார் அனுப்பினதுன்னு சொல்லல சார்."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் லைனைப் பார்த்தார். மைக் அணைக்கப்படவில்லை, அவள் சொன்னதும் நானூறு பேருக்கும் கேட்டுவிட்டது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினாள்.

"நான் அனுப்பினேன்" என்றார் கோதண்டராமன். "அவங்க மெயிலைத் தெறந்து, நான் அனுப்பினேன். தப்பு என்னுது. பழியை அவங்க மேல போட்டதும் நான்தான்."

மெஷின்கள் உடனே ஓடவில்லை.

பெர்சிஸ் தன் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். "வஹீதா மேடத்துக்கு டிராயிங் இன்னும் போவல. ஜெர்மன்காரரு வர்றதுக்குள்ள அனுப்பிடணும். அதுக்கு முன்னாடி பாஸ்வேர்டை மாத்தறேன். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு தம்பி."

டைட்டஸ் சுவரைப் பார்த்து நின்றான். முதுகுக்குப் பின்னால் விசைகள் தட்டப்படும் சத்தம். நீளமாகத்தான் வைக்கிறாள். இந்த ஆபீஸில் முதல் முறையாக ஒருத்தர் அடிக்கிறதை இன்னொருத்தர் பார்க்காமல் இருக்கிறார்.

"ஏன்க்கா" என்றாள் பிரிஸ்கில்லா பக்கத்து நாற்காலியிலிருந்து. "புதுசு இன்னா வெச்சீங்க? அவசர ஆத்திரத்துக்கு வேணும்ல?"

டைட்டஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"அவசரம்னா எனக்கு போன் பண்ணு, நானே வர்றேன்" என்றாள் பெர்சிஸ். "நீ முதல்ல உன்னுத மாத்துடி."